அடியும் நுனியும் அறிந்த திரவம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், கால்குலேட்டர் முதல் கைபேசி வரை பல திரைகளில் இருக்கும் திரவப் படிகம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கு விடை எழுதும்போது, கோல் வடிவமான அதன் மூலக்கூறுகளை வண்டியில் ஏற்றிய கரும்புக்கு ஒப்பிட்டு, அவற்றுள் ஃபெர்ரோமின் தன்மை உடைய புதிய வகை ஒன்றில் எல்லா மூலக்கூறுகளும் அடி ஒரு பக்கம், நுனி ஒரு பக்கமாகப் படுத்திருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இம்முறை வந்த கடிதங்கள் அனைத்தும் அந்த ஒரு வரியைப் பற்றியவை. சித்தூர் மாவட்டத்து வாசகர்களுக்குக் கரும்பை உவமையாகச் சொல்லும்போது சற்று யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, நாற்பது ஆண்டுகளாகக் கரும்பு வைக்கிறேன், சொந்தமாக வெல்லமும் காய்ச்சுகிறேன். அடிக்கரும்பு தடித்தும் நுனி மெலிந்தும் இருப்பதால், எல்லா அடியையும் ஒரே பக்கம் வைத்து ஏற்றினால் பாரம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஆகையால் மாற்றி மாற்றி வைத்துத்தான் ஏற்றுவோம். உங்கள் மூலக்கூறுகள் மட்டும் யார் சொல்லி ஒரே பக்கம் தலை வைத்துப் படுக்கின்றன?
(ஒரு விவசாயி, பங்காருபாளையம்)

பதில்: என் உவமையில் குற்றம் கண்டு தொடங்கிய உங்கள் கடிதம், இத்துறையினரை நூறாண்டுகள் அலைக்கழித்த கேள்வியைக் கேட்டு முடிந்திருக்கிறது. நீங்கள் ஏற்றுகிற முறைதான் இயற்கையின் வழக்கமான முறையும் ஆகும்.

சாதாரணத் திரவப் படிகத்தின் எளிய நிலைக்கு நெமாட்டிக் என்று பெயர். அதில் மூலக்கூறுகள் திரவத்தைப் போல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆயினும் ஏறக்குறைய எல்லாம் ஒரே கோட்டுக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. அடி இந்தப் பக்கம் இருப்பவை எத்தனையோ, நுனி இந்தப் பக்கம் இருப்பவையும் அத்தனையே. அந்த வண்டியை முன்பின்னாகத் திருப்பி நிறுத்தினால் பாரத்தைப் பார்த்து எது முன், எது பின் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூலக்கூறுக்கு அடி, நுனி என்பது வெறும் வடிவத்தால் மட்டும் வருவதன்று. பலவற்றில் ஒரு முனை சற்று நேர்மின் தன்மையும் மறுமுனை சற்று எதிர்மின் தன்மையும் கொண்டிருக்கும். இதைத்தான் மின் இருமுனை என்கிறோம். அதன் வலிமையை அளக்கும் அலகு டிபை. நீர் மூலக்கூறுக்கு அது 1.85. இரண்டு சட்டக் காந்தங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட முனையும் வட முனையும் அடுத்தடுத்து நிற்க ஒப்பாமல், ஒன்று திரும்பி மற்றதற்கு எதிராகப் படுத்துக்கொள்ளும். மின் இருமுனைகளும் பக்கவாட்டில் அப்படியே நடந்துகொள்கின்றன. ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்தால் மட்டும் எல்லாம் ஒரே திசையை நோக்கும். கோல்களை நெருக்கி அடுக்கும்போது அண்டை வீட்டார் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அமைகிறார்கள் என்பதால், மாற்றி மாற்றிப் படுப்பதே எளிது.

இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் 1916ஆம் ஆண்டிலேயே, மின் இருமுனைகள் ஒன்றையொன்று ஒரே திசைக்குத் திருப்புவதால்தான் நெமாட்டிக் ஒழுங்கே உண்டாகிறது என்று ஒரு கொள்கையை எழுதினார். அது சரியானால் ஒவ்வொரு நெமாட்டிக் திரவமும் அடியும் நுனியும் பிரிந்த பாரமாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. இருமுனையே இல்லாத மூலக்கூறுகள் கூட நெமாட்டிக் ஆயின. கோல் வடிவம் ஒன்றே இணையாகப் படுக்கப் போதுமானது என்று 1949இல் லார்ஸ் ஆன்சாகர் காட்டிய பிறகு பார்னின் கருத்து அலமாரிக்குப் போய்விட்டது. அவர் தவறாகச் சொன்னது நெமாட்டிக் நிலைக்கான காரணத்தை. அவர் கற்பனை செய்த அந்தத் திரவம் இருக்கவே முடியாது என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பலர் மறந்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

2017ஆம் ஆண்டில் இரண்டு இடங்களில் இரண்டு மூலக்கூறுகள் வெளிவந்தன. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது டிஐஓ. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது ஆர்எம்734. இரண்டாவதன் இருமுனை வலிமை ஏறத்தாழ 11 டிபை, அதாவது நீரைப் போல ஆறு மடங்கு. அதைச் சூடாக்கிக் குளிரவைத்தால், ஏறத்தாழ 188 பாகை செல்சியஸில் சாதாரண நெமாட்டிக் ஆகிறது. மேலும் குளிர்ந்து ஏறத்தாழ 133 பாகைக்கு வந்ததும், நெமாட்டிக்காக இருந்துகொண்டே வேறொரு நெமாட்டிக்காக மாறுகிறது. அந்த இரண்டாவது நிலையில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கின்றன என்பதை 2020இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோயல் கிளார்க் குழுவினர் உறுதி செய்தனர்.

அண்டை வீட்டார் எதிராகப் படுக்க விரும்புவார்கள் என்றால் இவை மட்டும் ஏன் ஒப்புக்கொள்கின்றன? வலிமையான இருமுனை மட்டும் இதற்கு விடையாகாது. அது மட்டும் இருந்தால் எதிராகப் படுக்கும் பிடிவாதமும் கூடவே வளரும். விடை உங்கள் கரும்பிலேயே, கணுவில் இருக்கிறது. இம்மூலக்கூறுகளில் மின்னூட்டம் இரு முனைகளில் மட்டும் இல்லாமல், நீளம் முழுவதும் நேர், எதிர், நேர், எதிர் என்று மாறி மாறி அமைந்திருக்கிறது. கணுவை நேர் என்றும் இடைக்கணுவை எதிர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கழிகளை அடிக்கு அடி சரியாகச் சேர்த்து வைத்தால் கணுவோடு கணு முட்டும். ஒன்றை அரைக் கணு தூரம் முன்னே தள்ளினால் ஒன்றின் கணு மற்றதன் இடைக்கணுவில் நீளம் முழுவதும் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். கழியைத் தலைகீழாக்கினால் இந்த அமைப்பு அத்தனை நன்றாகப் பொருந்துவதில்லை. ஆகவே சற்று முன்பின்னாக நகர்ந்து, ஒரே திசையில் படுப்பது இலாபமாகிவிடுகிறது. மூலக்கூறின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் சிறு தொகுதிகளும் எதிராகப் படுப்பவற்றை நெருங்கவிடாமல் தடுக்கின்றன. இது கணக்கிட எளிதான ஒரு மாதிரிதான். எல்லாப் பொருள்களுக்கும் இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஃபெர்ரோ என்றால் இரும்புதானே? இந்தத் திரவத்தில் இரும்பு எங்கே இருக்கிறது? எங்கள் தெலுங்குப் பாடப் புத்தகத்தில் திரவ ஸ்படிகம் என்றிருக்கிறது, வீட்டில் அப்பா திரவப் படிகம் என்கிறார். இரண்டும் ஒன்றா?
(பதினோராம் வகுப்பு மாணவி, வி.கோட்டா)

பதில்: இரண்டும் ஒன்றுதான். வடமொழிச் சொல் தெலுங்குக்கு ஒரு வழியாகவும் தமிழுக்கு வேறு வழியாகவும் வந்திருக்கிறது. எல்லைப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டும் இலவசம்.

இதில் துளி இரும்பும் இல்லை. இரும்பு, காந்தப் புலத்தை எடுத்த பிறகும் காந்தத் தன்மையை வைத்துக்கொள்ளும். எதிர்ப்புலம் கொடுத்தால் திரும்பிக்கொள்ளும். அதேபோல், மின்புலம் இல்லாதபோதும் தானாக மின்முனைவு (மின் இருமுனைகள் ஒரே பக்கம் பார்ப்பதால் சேரும் மொத்த வலிமை) கொண்டிருந்து, எதிர் மின்புலம் கொடுத்தால் அதைத் திருப்பிக்கொள்ளும் பொருளுக்கு இரும்பின் பெயரைக் கடன் வாங்கி வைத்துவிட்டார்கள். 1920ஐ ஒட்டி ஜோசப் வாலசெக் இதை முதன்முதலில் கண்டறிந்தது ராஷெல் உப்பில். அது சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த டார்டரேட் உப்பு. பெயர் பொருத்தமற்றதுதான், ஆனால் இனி மாற்ற இயலாது.

கேள்வி: எங்கள் பட்டப்படிப்புப் பாடநூலில் ஃபெர்ரோமின் திரவப் படிகம் 1975இல் கண்டுபிடிக்கப்பட்டதாக உள்ளது. நீங்களோ 2017, 2020 என்கிறீர்கள். எது சரி? அந்த மின்முனைவை எப்படி அளக்கிறார்கள்?
(இயற்பியல் மாணவர், குப்பம்)

பதில்: இரண்டும் சரி, திரவங்கள்தான் வேறு வேறு. தேர்வில் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள், மதிப்பெண் குறையாது. வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1975இல் ராபர்ட் மேயரும் பிரெஞ்சுக் கூட்டாளிகளும் கண்டது ஸ்மெக்டிக் சி என்னும் அடுக்கு நிலை. அதில் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நின்று, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மூலக்கூறுகள் வலக்கை, இடக்கை வேற்றுமை உடையவையாக (தம் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாதவையாக) இருந்தால், அந்தச் சாய்வோடு சேர்ந்து பக்கவாட்டில் ஒரு மின்முனைவு வந்தே தீர வேண்டும் என்று மேயர் சமச்சீர்மையை வைத்தே வாதிட்டார். கை வேற்றுமை உடைய மூலக்கூறு வெகு தூரத்தில் இல்லை. கரும்புச் சாற்றின் சர்க்கரையே அப்படிப்பட்டது. சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் சாற்றின் வழியே தளவிளைவுற்ற, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அனுப்பி, அது எத்தனை பாகை திரும்பியது என்று பார்த்தே சர்க்கரையின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.

மேயரின் வாதம் இந்தத் துறையின் மிக அழகான வாதங்களுள் ஒன்று என்பது என் கருத்து. ஆனால் அதில் கிடைக்கும் மின்முனைவு, கோலின் நீளத்துக்குக் குறுக்காக அமைந்த ஓர் உபவிளைவு, அளவும் சிறிது. அத்துடன் சாய்வின் திசை அடுக்குக்கு அடுக்கு சற்றுத் திரும்பி, திருகுபோலச் சுற்றி வருவதால் மொத்தமாகக் கூட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. 1980இல் நோயல் கிளார்க்கும் ஸ்வென் லாகர்வாலும் இந்தத் திரவத்தை ஓரிரு மைக்ரோமீட்டர் இடைவெளி உள்ள கண்ணாடிகளுக்கு இடையே நெருக்கி, அந்தத் திருகை அவிழ்த்தார்கள். விளைவாக, மைக்ரோ நொடிகளில் மாறும் திரை கிடைத்தது. சாதாரண நெமாட்டிக் திரை மாற மில்லி நொடிகள் ஆகும். இருந்தும் அது வீட்டுத் தொலைக்காட்சியாக வளரவில்லை. அதன் அடுக்குகள் அதிர்ச்சி தாங்குவதில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். உங்கள் கால்குலேட்டர் திரையை நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எண்கள் கலங்கி, விரலைச் சுற்றி ஒரு கறை பரவி, விரலை எடுத்த கணத்தில் பழையபடி தெளியும். நெமாட்டிக் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் திரவம். ஸ்மெக்டிக் அடுக்கு ஒருமுறை கலைந்தால் எளிதில் கூடுவதில்லை.

2020இல் உறுதியானது இதற்கு மாறான பொருள். அடுக்கு இல்லை, சாய்வு இல்லை, கை வேற்றுமையும் வேண்டியதில்லை. மின்முனைவு கோலின் நீளவாட்டிலேயே நிற்கிறது. அளவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 6 மைக்ரோகூலும். 1975இன் முதல் பொருளைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இது. திடப்பொருளான பேரியம் டைட்டனேட்டின் 26 மைக்ரோகூலுமோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசத்தக்கது. ஊற்றினால் ஓடும் ஒரு பொருளில் இது! 1980இல் திருகை அவிழ்த்த கிளார்க்கேதான் நாற்பது ஆண்டுகள் கழித்து இதிலும் முன்னின்றார் என்பதைப் பாடநூல் எழுதுவோர் ஒரு வரியாகவாவது சேர்க்கலாம்.

இனி அளக்கும் முறை. இரண்டு மின்முனைகளுக்கு (மின்னழுத்தம் கொடுக்கும் தகடுகளுக்கு) இடையே திரவத்தை நிரப்பி, முன்னும் பின்னுமாக மாறும் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். மூலக்கூறுகள் மொத்தமாகத் திரும்பும் நொடியில் மின்னோட்டத்தில் ஒரு மேடு தெரியும். அந்த மேட்டின் பரப்பே பாய்ந்த மின்னூட்டம். அதை மின்முனையின் பரப்பால் வகுத்து, மேலும் 2ஆல் வகுக்க வேண்டும். ஏனெனில் மின்முனைவு சுழியிலிருந்து எழவில்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரண்டிருக்கிறது. இந்த 2ஐ மறப்பவர்கள் உண்டு.

எண்களைவிட நுண்ணோக்கிக் காட்சியே நம்பவைக்கும். குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்களுக்கு) நடுவே, சூடான மேடையில் மெல்லிய கண்ணாடிக் கூட்டை வைத்துக் குளிரவிட்டால், ஒரே நிறமாக இருந்த பரப்பில் 133 பாகையை ஒட்டி எல்லைக்கோடு சூழ்ந்த தீவுகள் தோன்றுகின்றன. தீவுக்கு உள்ளே நுனி ஒரு பக்கம், வெளியே நுனி மறு பக்கம். மின்புலம் இல்லாதவரை உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருப்பதால் எல்லைக்கோடு ஒன்றே அடையாளம். ஒரு சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் என்ற அளவில் புலம் கொடுத்ததும் இரண்டும் எதிர் எதிராகத் திரும்ப முயன்று, வேறுபட்டுத் தெரிகின்றன. புலத்தை வலுவாக்கினால் ஒன்றின் எல்லை விரிந்து மற்றதை விழுங்குகிறது. சாதாரணத் திரையில் 5 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு 3 வோல்ட் கொடுக்கிறோம். சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் அது 6,000 வோல்ட். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதிலெல்லாம் நம்மவர் பங்கு ஏதாவது உண்டா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், குடியாத்தம்)

பதில்: உண்டு, அதுவும் நமக்கு மிக அருகில். குப்பத்தில் காலை ரயிலேறிப் பெங்களூரு வேலைக்குப் போய் வருபவர்கள் பலர். அந்த ஊரின் ராமன் ஆய்வு நிறுவனம் திரவப் படிக ஆய்வில் உலகறிந்த இடம். சர் சி. வி. ராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர் அங்கே சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து, கோல் வடிவம் இல்லாமல் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977இல் காட்டினார். அப்பளக் கட்டுப் போல அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு ஒருவர்; அவர் ராமனின் அண்ணன் மகன். இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்வதால் சொல்லி வைக்கிறேன்.

முதல் பதிலில் கணுவும் இடைக்கணுவும் பொருந்துவதாகச் சொன்னேன் அல்லவா? மின்னூட்டம் கோலின் நீளத்தில் அலைபோல மாறிச் செல்கிறது என்று எடுத்துக்கொண்டு, அண்டைக் கோல்கள் எப்போது ஒரே திசையில் படுக்கும் என்று 2021இல் கணக்கிட்டுக் காட்டியவர் அதே நிறுவனத்தின் என். வி. மதுசூதனா. கரும்பு மட்டும்தான் என் சரக்கு.

கேள்வி: சார், டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்தத் திரவத்தின் சார்பு விடுதிறன் பத்தாயிரத்துக்கு மேல் என்று படித்தேன். கண்டென்சர் எல்லாம் கடுகளவு ஆகிவிடுமா? பேனல் எப்போது வரும்? இன்னொன்று: பைக் மீட்டருக்குப் புதிய போலராய்டு தாள் ஒட்டினேன், கருப்பு எண்கள் வெள்ளையாகவும் பின்னணி கருப்பாகவும் வந்துவிட்டது. என்ன தவறு?
(வாசகர், பலமநேர்)

பதில்: அந்தப் பத்தாயிரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். சார்பு விடுதிறன் என்பது, ஒரு பொருளை இடையில் வைத்தால் கண்டென்சரின் கொள்ளளவு எத்தனை மடங்காகும் என்ற எண். நீருக்கே அது ஏறத்தாழ 80தான். புதிய திரவத்தை மின்முனைகளுக்கு இடையே வைத்து அளந்தவர்களுக்குப் பத்தாயிரம் வந்தது உண்மை. ஆனால் அதே கிளார்க் குழுவினர் பிறகு வேறொரு விளக்கம் தந்தார்கள். இந்தத் திரவத்தில் மின்முனைவு சிறு தூண்டலுக்கும் திரும்பி, புலத்தைத் தனக்குள் நுழையவிடாமல் செய்துவிடுவதால், திரவம் ஏறக்குறைய மின்கம்பிபோல நடந்துகொள்கிறது. கொடுத்த மின்னழுத்தம் முழுவதும் மின்முனையை ஒட்டிய மிக மெல்லிய காப்புப் படலத்தின்மீதே விழுகிறது. கருவி அளந்தது அந்தப் படலத்தின் கண்டென்சரை. படலம் மிக மெல்லியது என்பதால் மதிப்பு மிகப் பெரிதாக வந்தது. அதைத் திரவத்தின் கணக்கில் எழுதினால் பத்தாயிரம். எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

பேனல் உடனே வராது. ஆர்எம்734 வேலை செய்வது நீர் கொதிக்கும் சூட்டுக்கும் மேலே, ஏறத்தாழ 130 பாகையில். அறை வெப்பநிலையில் நிற்கும் கலவைகள் இப்போது உண்டு; ஆயினும் இத்தனை வலுவான மின்முனைவு கொண்ட திரவம், கண்ணாடிப் பரப்பில் எங்கே மின்னூட்டம் தேங்கினாலும் அதற்கு இசைந்து வளைந்துகொள்ளும். லித்தியம் நியோபேட் பரப்பில் வைத்த சிறு துளி, பரப்பின் மின்னூட்டத்தால் தாரைகளாகப் பிய்த்துக்கொண்டு வெடித்ததை 2022இல் பதிவு செய்திருக்கிறார்கள். அதைச் சீராகப் பேனலுக்குள் அடக்குவது எளிதன்று. முதல் பயன் ஒளியியலில்தான் வரும் என்பது என் கணிப்பு. அடியும் நுனியும் பிரிந்த பொருள், லேசர் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும். 2024இல் பின்னிப் பிணைந்த ஒளித்துகள் இணைகளையும் இத்தகைய திரவத்திலிருந்து எடுத்து, மின்புலத்தால் அவற்றின் தன்மையை மாற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

பைக் மீட்டரில் உங்கள் தாள் பழுதில்லை. 90 பாகை திரும்பி ஒட்டப்பட்டிருக்கிறது. எடுத்துக் கால் சுற்றுத் திருப்பி ஒட்டுங்கள், எண்கள் கருப்பாகிவிடும். அரைச் சுற்றுத் திருப்பினால் மாற்றம் இராது. போலராய்டுக்குக் கோடு மட்டும்தான் தெரியும், அந்தக் கோட்டில் எது அடி, எது நுனி என்று தெரியாது. உங்கள் மீட்டருக்குள் இருக்கும் சாதாரண நெமாட்டிக்கும் அவ்வாறே. ஒட்டுவதற்கு முன் பாதுகாப்பு உறையை உரிக்காமல், மீட்டரை ஓடவிட்டுத் தாளை மேலே வைத்துச் சுற்றிப் பார்த்துக்கொண்டால் இரண்டாவது தாள் வாங்க வேண்டியிராது.